பதினொரு நாள் மூடிகள்

நீர்வேலியில் எங்கள் நெல்லிரசத் தொழிற்சாலைக் களஞ்சியத்துக்குச்
சிவப்பு அட்டைக் கட்டோடு வந்தான் பிரணவரூபன்.
தொண்ணூறு நாள் கைபடாத எதிலும் ஒன்றைக் கட்டுவானாம்.
மத்தியானத்துக்குள் அட்டை முடிந்துபோய்
என்னிடமே கத்தரிக்கோல் வாங்கிப்
பழைய கலண்டர் மட்டையை வெட்டினான்.

நாற்பத்தேழு சாக்கு மூடி.
நூற்றெண்பது ரூபாய் என்று அச்சடித்த லேபல் மூன்று பெட்டி;
அந்த விலைக்கு இப்போது வெறும் போத்தலும் வராது.
எப்போதோ விற்றுவிட்ட மெஷினுக்கு வாங்கிய ரப்பர் வளையங்கள்.

"அக்கா, உவ்வளவு மூடி ஏன்?"
"தேவைப்படும்."
"எப்ப?"
பேரேட்டைத் திறந்து காட்டினேன்.
என் கையெழுத்து, ஒரு வெட்டுக்கொத்து இல்லை.
இருப்பு, இருப்பு, இருப்பு என்று
பக்கம் பக்கமாய்.

அவன் சிற்றிக் அசிட் சாக்கொன்றைக் காலால் தட்டிப் பார்த்தான்,
பிறகு பெருவிரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.
நான்கு மாரி குடித்து அது கல்லாகியிருந்தது.
சுத்தியலால் அடித்தோம்.
விளிம்புதான் உதிர்ந்தது.
நான்கு வருடமாய் நான் கல்லை எண்ணிக்
கிலோவில் எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறேன்.

தொண்ணூறில் எனக்குப் பதினொரு வயது.
சவர பிளேட்டால் தீக்குச்சியை நெடுக்காகப் பிளப்பது
வீட்டில் என் வேலை.
மருந்து இரண்டு பக்கமும் சமனாய் வரவேணும்,
கை பிசகினால் இரண்டும் நட்டம்.
ஜாம் போத்தலுக்குள் இரண்டு விரல் எண்ணெய்,
ஒரு நெல்லளவு சுடர்,
அதில்தான் பின்னம் படித்தேன்.
ஒன்றையும் வீணாக்காதே என்றது அந்தக் காலம்.
அதே மூச்சில்,
கண்டதையெல்லாம் வாங்கி ஒளித்துவை என்றும் சொன்னது.
இரண்டாவதைத்தான் நான் வேலைக்குக் கொண்டுவந்தேன் போல.

"மூடி லொறி கொழும்பிலயிருந்து எத்தினை நாளில வரும்?"
"மூண்டு."
"ஆக மோசமெண்டால்?"
"பன்னிரண்டு வருசம்."

அவன் சிரிக்கவில்லை.
எழுதினான். பார்த்தான். வெட்டினான்.
வெட்டிவிட்டு, ஏதோ உத்தரவு கேட்பவன்போல நிமிர்ந்தான்.
"வெட்டு, பறவாயில்லை" என்றேன்.

நாளுக்கு இரண்டாயிரத்து நானூறு போத்தல்.
லொறிக்கு மூன்று நாள்.
பயத்துக்கு மூன்று போதும் என்றான் அவன்.
எட்டு என்றேன் நான்.
தேநீர் ஆறும்வரை பேரம் பேசி
பதினொன்றில் ஒரு மஞ்சள் அட்டை வைத்தோம்:
மூடி இவ்வளவுக்கு இறங்கினால்
அட்டை தெரியும், உடனே ஓடர் போகும்.

மிச்சத்தைச் சுன்னாகத்துச் சோடாக்காரன் ஏற்றிப்போனான்.
சாக்குகள் போனபின்
அங்கே ஒரு சுவர் இருந்தது தெரிந்தது.
மூடி போடும் மேசையை அதோடு சேர்த்து இழுத்துப் போட்டோம்.
ஒரு தட்டுக்கு முப்பத்துநாலு அடி நடந்த யூட் நிரஞ்சனுக்கு
இப்போது ஆறு அடி.
முதல் நாள் அவன் மிச்ச அடிகளை என்ன செய்வதென்று தெரியாமல்
முழங்காலைத் தடவிக்கொண்டு நின்றான்.

கார்த்திகை வெள்ளத்தில் லொறி ஓமந்தையோடு நின்றது.
மஞ்சள் அட்டை தெரிந்து ஒன்பதாம் நாள்
மதியச் சோற்றைத் தொடாமல் மூடியை எண்ணினேன்.
நாலாயிரத்து எண்ணூறு.
பிரணவரூபன் போன் எடுத்தான்.
எண்ணைச் சொன்னேன்.
இரண்டு பேரும் கொஞ்ச நேரம் கதைக்கவில்லை.
நாற்பத்தேழு சாக்கும் அப்போது கண்ணுக்குள் வந்து
வரிசையாய் அடுக்கிக்கொண்டன.

பத்தாம் நாள் விடிய,
நம்பர் பிளேட் தெரியாத சேற்றோடு லொறி வந்தது.
டிரைவர் முதலில் கேட்டது கால் கழுவத் தண்ணீர்.
நான் வென்றேனா அவன் வென்றானா என்று
கணக்கில் எழுத ஒரு நிரல் இல்லை.

அன்றிரவு வீட்டில்
அரிசி வாளிக்குப் பின்னால் கையை விட்டேன்.
பதினாறு தீப்பெட்டி.
அவற்றுக்கு அட்டை ஒன்றும் எழுதவில்லை.
நமுத்திருக்கிறதா என்று பார்க்க
ஒன்றைத் திறந்து உரசினேன்.
பிளக்காத முழுக் குச்சி,
அடுப்புக்கும் இல்லை, விளக்குக்கும் இல்லை,
சும்மா
விரல் சுடும்வரை எரிந்தது.